விலை சொல்லும்வரை காபி வேண்டாம்

ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் பாய் காரில் ஏறுவார். எங்கள் வீட்டு வராந்தாவுக்கு ஷூவோடு வந்து நிற்கிற அதே மனிதர், காரின் இடதுபக்கக் கதவைத் திறந்ததும் குனிந்து லேஸை அவிழ்ப்பார், சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணிப்பார், ஜோடியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்காருவார். செல்போனை அணைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "வண்டி யாருதோ அவங்க ஓட்டட்டும்" என்பார். பழைய அமெரிக்கக் கார்களின் கியர்பாக்ஸுக்கு விலை சொல்வது அவர் தொழில். அதிலும் கிளட்ச் இல்லாமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேடிக் பெட்டி என்றால் பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெட்டி தேறுமா, தேறாதா, கழற்றிப் போட்டுவிட்டு ஜீப் கியர்பாக்ஸை மாட்டிவிடலாமா என்பதெல்லாம் அவர் சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன், பொறாமை. காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிற, கைநிறையச் சம்பளம் வாங்குகிற, கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண், தாடிக்கு மருதாணி போட்ட ஒரு கியர்பாக்ஸ்காரர்மேல் பொறாமைப்பட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா குரோம்பேட்டையில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் மேனேஜராக இருந்தவர். டேனரியை மூடியபோது முதலாளி தன்னுடைய பழைய காரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளிர்பச்சை நிறம், பின்பக்கம் ரெண்டு இறக்கை, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் திரும்பினால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. அது கிளட்ச் இல்லாமல் வந்த கார்தான். ஆனால் முதலாளியின் டிரைவர், இடது காலுக்கு வேலை கொடுக்காத வண்டியை ஓட்ட மாட்டேன், தூக்கம் வருகிறது என்று அடம்பிடித்து, அந்தக் காலத்திலேயே ஆட்டோமேடிக் பெட்டியைப் பிடுங்கிப் போட்டு, ஜீப் கியர்பாக்ஸும் கிளட்சும் மாட்ட வைத்துவிட்டாராம். அப்படியேதான் எங்களிடம் வந்தது. அப்பாவும் வருஷக்கணக்காக அப்படியே ஓட்டினார்.

அப்புறம் சர்க்கரை வியாதியில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செயற்கைக் கால் வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நடந்தார், மாடிப்படி ஏறினார், ரேஷன் கடைக்குப் போய் வந்தார். கிளட்ச் மட்டும் முடியவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம், எப்போது விடுகிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டை இடித்துவிட்டு இறங்கியவர், சாவியை என் கையில் கொடுத்தார்.

அப்பாவின் கால் போனதில் எனக்கு லாபம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் உண்மை அதுதான். அதுவரைக்கும் அப்பா எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கிற மனுஷர். அதிலும் பாதி நாள் தூக்கம். நான் ஓட்ட ஆரம்பித்த பிறகு அவர் என் பக்கத்து சீட்டில் இருந்தார். வண்டலூர், கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம் வரைக்கும் போவோம். கேம்ப் ரோடு சிக்னலில் பஸ்காரர்கள் குனிந்து பார்ப்பார்கள். ஒரு பெண் இத்தனை பெரிய காரை ஓட்டுகிறாளே என்று அவர்கள் பார்க்கப் பார்க்க எனக்குக் கழுத்து நீளும். எங்கள் தெருமுனையில் பிள்ளையார் கோவில் வரும். அங்கே கிளட்சை அழுத்தி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கித் திருப்ப வேண்டும். அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு அப்பாவை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். சந்தோஷமாக இருக்கிறார் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் திடீரென்று, காரை விற்றுவிடப் போகிறேன், விலை சொல்ல ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார் அப்பா. அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு இல்லை.

ஆள் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், எண்ணெயில் புரளுகிற தொழிலைச் செய்துகொண்டு ஒரு கறை கிடையாது. கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே அத்தர் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. அம்மா காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார். தண்ணீராவது குடியுங்கள் என்றாள். அதுவும் வேண்டாம். வண்டிக்கு விலை சொல்லாமல் வண்டிக்காரர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாராம். அவங்க வூட்டுத் தண்ணி உள்ள போயிட்டா நாக்கு அவங்க பக்கம் சாஞ்சிடும் என்று சொல்லிச் சிரித்தார். விலை சொன்ன பிறகு காபி என்ன, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே போவாராம். அம்மா டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போய், "பெரிய ஹைகோர்ட் ஜட்ஜ்" என்று முணுமுணுத்தாள்.

நான்தான் ஓட்டினேன். அவர் வெறுங்காலைத் தரையில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அப்பா பின் சீட்டில். செலையூர் வரை போய்த் திரும்பினோம். என் உயிரைக் கொடுத்து ஓட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் கோவில் முனையில் வெண்ணெயாக இறக்கினேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"நல்லா ஓட்டுற பாப்பா. வண்டி உன் காலுக்குப் பழகிப்போச்சி" என்றார். அப்புறம் பின்னால் திரும்பி அப்பாவிடம், "நான் வெல சொல்ல முடியாது சார். இது பாப்பா வண்டியா கீது. உங்க வண்டிய நீங்க ஓட்டுனாதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அப்பா பேண்டைத் தூக்கிக் காலைக் காட்டினார். மற்றவர்களாக இருந்தால் அடடா, மன்னிச்சிக்குங்க என்று பதறியிருப்பார்கள். பாய் அந்தக் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். இன்ஜின் பழசு அப்படியே இருக்கிறது, பெட்டியைத்தான் மாற்றியிருக்கிறார்கள், மாற்றினதைத் திருப்பி மாற்றலாம் என்றார். அப்படி மாற்றினால் கிளட்ச் இருக்காது. வலது கால் ஒன்று போதும்.

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நான் முதல் மாதச் சம்பளத்தில் வேட்டி வாங்கிக் கொடுத்தபோதுகூட அந்த முகம் இல்லை. வயிற்றெரிச்சல் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

பாயைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. அவற்றை அப்பா ராத்திரி சாப்பாட்டின்போது எடுத்துவிடுவார். மேடவாக்கத்தில் ஒரு ரியல் எஸ்டேட்காரர், கப்பல் மாதிரி ஒரு பழைய கார் வாங்கி வைத்துக்கொண்டு பாயைக் கூப்பிட்டிருக்கிறார். வழக்கம்போலப் பாய், ஓனர் ஓட்டட்டும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓனருக்கு ஓட்டவே தெரியாது. டிரைவர்தான் எல்லாம். பாய் இறங்கி, ஷூவைப் போட்டுக்கொண்டு, டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு அவர் காதில் விலையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். ரியல் எஸ்டேட்காரர் தாண்டிக் குதித்திருக்கிறார். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நியாயப்படி பார்த்தால் எங்கள் காரின் விலையை என் காதில்தானே சொல்லியிருக்க வேண்டும்?

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாய் வந்தார். பெட்டியைத் தேடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்தே அப்பா ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார். என்னோடு கோவளம் போனபோதெல்லாம் லுங்கியில் வந்த மனிதர். அம்மா ஒவ்வொரு தடவையும் காபி கொண்டுவருவாள், பாய் ஒவ்வொரு தடவையும் கையெடுத்துக் கும்பிடுவார். இன்னும் விலை சொல்லலையே அக்கா என்பார். என் காபியில் அப்படி என்ன குறை என்று அம்மாவுக்கு அது மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. ஜூன் மாத வெயிலில் பல்லாவரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, நாக்கு வறண்டு, பேசும்போது உதடு ஒட்டிக்கொள்ளும். அப்போதும் குடிக்க மாட்டார். தெருமுனைக் கடைக்குப் போய்ச் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பேசுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி உலர்த்தப் போனபோது வராந்தாவில் அப்பா அவரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. சரி, கேட்டேன்.

"பொண்ணு நல்லாத்தான் ஓட்டறா பாய். ஆனா பக்கத்துல பார்சல் மாதிரி உக்காந்துட்டுப் போறேனே, அதுதான் தாங்கல. அதனாலதான் வித்துடலாம்னு பாத்தேன்" என்றார் அப்பா.

ஈர பெட்ஷீட்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கோவளம் வரைக்கும் போன அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா? சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதை என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும். நேற்று வந்த அத்தர்காரரிடம் சொல்ல அவருக்கு வாய் வந்தது. அன்று ராத்திரி நான் யாரோடும் பேசவில்லை, யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு பண்ணை வீட்டு ஷெட்டில் எங்கள் காருக்குப் பொருந்துகிற பெட்டி கிடைத்துவிட்டது. ஆனால் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார வேண்டிய கன்வெர்ட்டர் அதில் இல்லை. அது உளுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு, அண்டா மூடி அகலத்துக்கு இருக்கிற கனமான வட்ட இரும்பு. கிளட்ச் செய்கிற வேலையை அதுதான் செய்யும், அது இல்லாமல் பெட்டி வெறும் இரும்பு என்று பாய் சொன்னார். புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகள் முழுக்க அலசியும் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. குன்றத்தூரில் ஒரு காயலான் கடையில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார்கள். நானே ஓட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் பின் சீட்டில் ரெண்டு பேரும் கன்வெர்ட்டரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

அவர்களைக் கடையில் இறக்கிவிட்டு நான் முருகன் கோவில் மலைக்கு ஏறினேன். சன்னதியில் நின்று, முருகா, அந்த வடை கிடைக்கவே கூடாது என்று மனமுருக வேண்டிக்கொண்டேன். அர்ச்சனைக்கு அப்பா பெயரையே கொடுத்தேன். விபூதியோடு இறங்கி வந்து பார்த்தால், ரெண்டு பேரும் கார் பானட்டில் சாய்ந்துகொண்டு கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி நிற்கிறார்கள். கடையின் தகரக் கூரை காற்றில் பறக்காமல் இருக்க அந்த வடையைத்தான் மேலே பாரமாக வைத்திருந்தார்களாம். பாய் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, உயிர் கீது என்று சொல்லிவிட்டார். மலைமேல் இருக்கிறவர் யார் பெயருக்கு அர்ச்சனையோ அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். திரும்பி வரும்போது அந்த இரும்பு என் பக்கத்து சீட்டில் பழைய சாக்கில் சுற்றி உட்கார்ந்துகொண்டு வந்தது.

கார் பல்லாவரத்து ஷெட்டுக்குப் போயிற்று. போர்டிகோ வெறிச்சென்று கிடந்தது. அப்பா தினமும் பஸ் பிடித்து ஷெட்டுக்குப் போய்விடுவார். நான் ஒரு சனிக்கிழமை அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பாய் அப்போதும் வெள்ளைச் சட்டைதான், கை மட்டும் முழங்கை வரை கறுப்பு. டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில் ஒரு ஓட்டை தெரிந்தது. கிளட்ச் பெடல் இருந்த இடம். அதைத் தகடு வைத்து மூடிவிடுவோம், தெரியவே தெரியாது பாப்பா என்றார் பாய். எனக்குப் பாப்பா என்ற வார்த்தையே எரிந்தது. சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

கார் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றார். பாய் இடதுபக்கக் கதவைத் திறந்து குனிந்து லேஸை அவிழ்த்தார். இன்றைக்கு விலை சொல்லிவிடுவார் என்று அம்மா உள்ளே டிகாக்‌ஷன் இறக்கி வைத்திருந்தாள். ஓட்டிப் பார்த்து, விலை கேட்டு, அதன் பிறகு முடிவு செய்யலாம் என்பதுதான் பேச்சு. நல்ல விலை வந்தால் கொடுத்துவிடுவேன் என்று அப்பா முந்தின நாள்கூடச் சொல்லியிருந்தார். நான் பின் சீட்டில் ஏறினேன். அந்தக் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது.

அப்பா செயற்கைக் காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டார். வலது காலால் பிரேக்கை விட்டார். கார் எந்தச் சத்தமும் இல்லாமல் நகர்ந்தது. கேம்ப் ரோடு, செலையூர், அங்கிருந்து தாம்பரம் பாலம் வரைக்கும் போனோம். பாய் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. சானடோரியம் பக்கம் திரும்பும்போது அப்பா விசிலடிக்க ஆரம்பித்தார். ஏதோ பழைய பாட்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓட்டிக்கொண்டே விசிலடிப்பார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஓட்டின நாட்களில் ஒருநாளும் அவர் விசிலடிக்கவில்லை. பின் சீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷக் கண்ணீர் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வாசலில் நிறுத்தியதும் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "சொல்லுங்க பாய்" என்றார்.

பாய் இறங்கினார், சாக்ஸை மாட்டினார், லேஸைக் கட்டினார். வராந்தாவில் ஏறி உள்ளே பார்த்து, "அக்கா, காபி குடுங்க" என்றார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அம்மாதான் முதலில் சிரித்தாள். நிறைய சர்க்கரை போட்டு எடுத்து வந்தாள். பாய் விலை சொல்லாமலேயே அதை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து, இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். இனிமேல் அவர் விலை சொல்ல முடியாது. இந்த வீட்டுக் காபி உள்ளே போய்விட்டது. அப்பா காரில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அப்புறம், தனியாக ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கிளம்பினார். என்னை வரியா என்று கேட்கவில்லை. பாயையும் கேட்கவில்லை.

அம்மா டம்ளரோடு உள்ளே போய்விட்டாள். கேட்டருகே நானும் பாயும் மட்டும் நின்றோம். அவர் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றின ஒன்றை எடுத்துப் பிரித்தார். எங்கள் காரின் கிளட்ச் பெடல். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்.

"இது உன்னுது பாப்பா. ரப்பர் ஒரு ஓரமா தேஞ்சி கீது பாரு. சார் காலு இல்ல, இது உன் காலு" என்றார்.

அந்த வீட்டில் நான் எதையாவது இழந்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைத்தான் எடுத்துக்கொண்டாய், இந்த வருத்தமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது. எனக்கு எதுக்கு இந்தப் பழைய இரும்பு, காயலான் கடையில் போடுங்க என்றேன். அவர் பெடலைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நின்றார். நானும் பார்த்தேன்.

கார் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தது. முதலில் விசில்தான் கேட்டது, அப்புறம் இன்ஜின். பிள்ளையார் கோவில் முனை வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டிய இடம். என் இடது கால் தானாகவே சிமெண்ட் தரையை அழுத்தியது. கார் அது பாட்டுக்குத் திரும்பியது.

பாய் என் காலைப் பார்த்துவிட்டு, உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குடுங்க பாய்" என்று கையை நீட்டினேன்.